ஏழு மில்லி மிச்சமிருந்த பேடு

1. ஹர்த்தால் நாள்

கரமனையில் நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில், ஹர்த்தால் என்றால் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே வேலை நடக்கும். அன்று முதலாளி செல்வின் அண்ணன் வரவில்லை. களியக்காவிளையிலிருந்து பஸ் ஓடவில்லை. பாலிடெக்னிக் முடித்து எட்டே மாதமான நானும் ஜாக்கி மேல் நின்ற ஒரு காரும்தான். எனக்கு அது கொண்டாட்டமாகவே இருந்தது.

கார் வலியசாலை ராமநாதன் சாருடையது. வங்கி அதிகாரி. முன்சக்கர பிரேக் டிஸ்க் இரண்டும் தேய்ந்து வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தன. புது டிஸ்க் முந்தின நாளே வந்துவிட்டது. டிஸ்க்கை இருபக்கமும் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடு மட்டும் ஸ்டாக் இல்லை, நாளைக்குத் தருகிறோம் என்றிருந்தார்கள். அந்த நாளைக்குத்தான் ஹர்த்தால் வந்து விழுந்தது.

சாயங்காலம் சார் நடந்தே வந்தார்.

"ஏண்டாப்பா, வண்டி ஆயாச்சோ? மாப்பிள்ளை பம்பாயிலேர்ந்து வந்திருக்கார். கார்த்தால பொன்முடி போணும்னு ஆத்துல எல்லாரும் குதிச்சிண்டிருக்கா."

"ஒரு மணிக்கூர் சார், ரெடி" என்று சொல்லிவிட்டேன்.

பழைய பேடை வெர்னியரில் அளந்தேன். ஏழு மில்லி. புதுசே பத்துதான். மூன்றுக்குக் கீழே போனால் மாற்றினால் போதும் என்று படித்திருந்தேன். புது டிஸ்க், பழைய பேடு, மாட்டியாயிற்று. காலி ரோட்டில் பாப்பனங்கோடு வரை ஓட்டிப் பார்த்தேன். பிரேக் பிடித்தது. மெல்லிய உரசல் சத்தம் கேட்டது. புது டிஸ்க், செட்டாகட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பேடு பழசு என்று சாரிடம் சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அது எனக்குத் தோன்றவில்லை.

2. மறுநாள் காலை பத்து மணி

பழைய டிஸ்க்கை இரும்புக் குவியலில் போட எடுத்தேன். விரல் நகம் பள்ளத்தில் இறங்கியது. அப்படியே நின்றுவிட்டேன். டிஸ்க்கில் பள்ளம் என்றால், அதே இடத்தில் பேடில் மேடு. மேடும் பள்ளமுமான அந்தப் பேடு சமமான புது டிஸ்க்கில் முழுதாகப் படியாது. நாலைந்து மேட்டு நுனிகள்தான் தொடும். பாப்பனங்கோடு ரோட்டுக்கு அது போதும். பொன்முடியில் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. இறக்கத்தில் சூடு முழுவதும் அந்த நுனிகளில் ஏறும். பேடு கருகி வழுக்கும்.

செல்வின் அண்ணனிடம் ஓடிப் போய்ச் சொன்னேன்.

"லே டிப்ளமா, கனத்தை அளந்தியே, மொகத்தைப் பாத்தியாலே?" என்றார். அதற்குமேல் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அப்போது சாரிடம் செல்போன் கிடையாது. வீட்டுக்குப் போன் போட்டேன். அவருடைய அக்கா எடுத்தார். "அவா ஆறரைக்கே கிளம்பியாச்சே. என்ன விசேஷம்?"

போனை வைத்துவிட்டு டூல்ஸ் பையை எடுத்தேன்.

கடையில் பேடு வந்திருந்தது. "ஏறுலே" என்றார் அண்ணன். ஒர்க்‌ஷாப்பிலேயே நிற்கும் அவருடைய ஸ்கூட்டரின் பின்னால், மடியில் டூல்ஸ் பையும் பேடு டப்பாவுமாக உட்கார்ந்தேன். விதுராவில் டீக்கடைக்காரரிடம் அடையாளம் சொல்லிக் கேட்டோம். "மேலே போயி. இறங்ஙிட்டில்லா" என்றார். இன்னும் இறங்கவில்லை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மலை ஏறினேன்.

பாதி மலையில் மூடுபனி இறங்கியது. பனி வந்தால் சுற்றுலா வந்தவர்கள் உடனே இறங்கத் தொடங்குவார்கள். எதிரே ஹாரன் கேட்கும்போதெல்லாம் அண்ணன் தோளுக்கு மேல் தலையை நீட்டினேன். பள்ளத்துப் பக்கம் செடிகள் எங்காவது ஒடிந்து கிடக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே போனேன். பதினாலாவது வளைவைத் தாண்டும்போது கருகல் நாற்றம் அடித்தது. அண்ணனும் மோந்திருக்க வேண்டும். ஸ்கூட்டர் மெதுவாயிற்று.

3. வளைவில்

கார் மலைப் பக்கத்து ஓடையில் ஒரு சக்கரத்தை இறக்கி, மண் திட்டில் சாய்ந்து நின்றது. சார், மாமி, அவர்கள் பெண், மாப்பிள்ளை, நாலு பேரும் ரோட்டோரத்தில். யாருக்கும் அடியில்லை. பெண் மட்டும் அம்மா கையை விடாமல் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

"நீ எப்படிடா இங்கே வந்தே! தெய்வாதீனம்!" என்று சார் ஓடி வந்தார். "பெடல் கல்லு மாதிரி இறுகிடுத்து. வண்டி நிக்கலை. ஃபர்ஸ்ட் கியர்ல தள்ளி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, இந்தப் பக்கமா ஒடிச்சேன். நீ டிஸ்க் புதுசா போட்டதனாலதான் இந்த மட்டும் தப்பிச்சோம், கேட்டியா."

மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

செல்வின் அண்ணன் ஸ்கூட்டரை ஸ்டாண்டில் நிறுத்தினார். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இருந்துவிட்டால் அதோடு முடிந்துவிடும் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"சார், டிஸ்க்தான் புதுசு. பேடு பழசு. நான்தான் போட்டேன். அதனாலதான் நிக்கலை."

மாப்பிள்ளை கையை விட்டார். "நாலு பேர்டா" என்றார் மாமி. அவ்வளவுதான்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார்: "பேடு நன்னாயிருக்கா, கெட்டுப்போச்சான்னு எனக்கென்ன தெரியும்? பழசுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எல்லாரையும் சங்குமுகம் பீச்சுக்குக் கூட்டிண்டு போயிருப்பேனே."

எல்லாருமாகக் காரை ஓடையிலிருந்து ரோட்டுக்குத் தள்ளி ஏற்றினோம். சூடு ஆறும்வரை காத்திருந்து, டிஸ்க்கை எமரித் தாளால் தேய்த்துப் புது பேடு மாட்டினோம். கழற்றிய பேடு கருகிக் கண்ணாடி மாதிரி பளபளத்தது. மூன்று பேரை பஸ்ஸில் அனுப்பிவிட்டு, "நீயே ஓட்டு" என்று சார் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார். அண்ணன் ஸ்கூட்டரில் முன்னால் போனார். புது பேடு இன்னும் படியாததால் ஃபர்ஸ்ட் கியரிலேயே இறக்கினேன். வளைவுக்கு வளைவு பிரேக் சுத்தமாகப் பிடித்தது. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் சாரின் வலது கால், பெடலே இல்லாத இடத்தில், தரையை அழுத்திக்கொண்டிருந்தது. 

டிஸ்க் மாற்றினால் பேடும் மாற்ற வேண்டும். இது எந்த மேனுவலிலும் இருக்கும், படித்துக்கொள்ளுங்கள். நான் கற்றது வேறு. இப்போதெல்லாம் சாவியைக் கொடுக்கும்போது, மாற்றியதைச் சொல்வதற்கு முன் மாற்றாததைச் சொல்லிவிடுகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். "அப்போ இன்னிக்கு வண்டி வேண்டாம்" என்று திரும்பிப் போகிறார்கள். போகட்டும்.