சுவரில் கை வைக்கும் முன்

எங்கள் வீட்டுக்குள் கக்கூஸ் வந்தது நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது. ஒலக்கூரில் அதற்குள் பல வீடுகளில் வந்துவிட்டது. எங்களுடையது தாத்தா காலத்து மண்சுவர் வீடு, எதற்கும் அவசரப்படாது. தோட்டத்துக் கோடியில் இருந்த அறையே போதும் என்பார் அப்பா. அதுவும் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ளும் வரைதான்.

அதன்பிறகு தினமும் காலையில் மாமாவும் பக்கத்து வீட்டுக்காரரும் அவரை நாற்காலியோடு தோட்டத்துக்குத் தூக்கிப்போனார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பாத்திரம் துலக்குகிறவர்கள் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். அப்பா ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினார். பிறகு தண்ணீரையும் குறைத்தார். நீர்க்கடுப்பு வந்து டாக்டர் திட்டியபோது தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் சொம்பைத் தள்ளி வைத்தார். எனக்கென்ன தெரியும், அவர் பங்குத் தோசையும் எனக்கே கிடைத்தது.

அம்மா கான்ட்ராக்டர் தேடினாள். விழுப்புரத்திலிருந்து வந்தவர் டைல்ஸ் படம் போட்ட புத்தகத்தை விரித்தார். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, மொத்த வீட்டையும் இடித்துக் கட்டினால்தான் ஆகும் என்று சொல்லிப் போய்விட்டார். அடுத்து மயிலத்திலிருந்து ஒருவர் வந்தார். அவர் சுவரைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். எழுந்திருக்க அப்பா எங்கே கையூன்றுவார் என்று டேப் வைத்து அளந்தார். கூடத்தை ஒட்டிய, கேப்பை மூட்டை போடும் அறையிலேயே வெஸ்டர்ன் வைக்கலாம், சுவரை இடித்து அகலமாக வாசல் எடுக்கலாம் என்றார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

கிளம்பும்போது அம்மாவிடம் கேட்டார்: "வீட்ல யாரும் முழுவாம இல்லியேம்மா? இருந்தா சொல்லிடுங்க. செவுத்துல கை வைக்க மாட்டேன். கொழந்த பொறந்தப்புறம் வர்றேன்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் இடிக்கக் கூடாது, தோண்டக் கூடாது. பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்பார்கள்.

"அதெல்லாம் யாரும் இல்லீங்க. நீங்க ஜல்தியா ஆரம்பிங்க," என்றாள் அம்மா.

நான்காம் நாள் சுவர் பாதி இறங்கியிருந்தது. அதிகப்பிரசங்கி நான், கடப்பாரை போட்டுக்கொண்டிருந்த கான்ட்ராக்டரிடம் போய், "இந்தத் தூசி அம்மாவுக்கு ஒத்துக்கலீங்க. தெனமும் காலைல வாந்தி எடுத்துக்கினு இருக்காங்க," என்றேன். அவர் கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

அம்மா மோர் கொண்டுவந்தாள். அவர் வாங்கவில்லை.

"கேட்டுட்டுத்தானம்மா ஆரம்பிச்சேன்."

அம்மா கூடத்துப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "கேட்டீங்க. அவரு தண்ணி குடிக்கிறதையே உட்டுட்டாருங்க. இது பொறக்கறதுக்குள்ள அவருக்கு எதுனா ஆயிட்டா நான் என்னா பண்ணட்டும்?"

அவர் இடிந்த சுவரின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "பாதியில உட்டா அது இன்னும் ஆவாது. நீங்க பக்கத்து வூட்ல போய் இருங்கம்மா," என்றார். மறுநாளிலிருந்து கடப்பாரையைத் தொடும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு, கிழக்கே பார்த்து ஏதோ முணுமுணுத்தார். காலில் முள் ஏதாவது குத்தியிருக்கும் என்று நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன்.

வேலை முடிந்த அன்று அப்பா, கூடத்திலிருந்து சுவரோடு பதித்திருந்த கம்பியைப் பிடித்து எழுந்து, தானாகவே உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அம்மா வெளியே நின்று அழுதாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

தம்பி விழுப்புரம் ஆஸ்பத்திரியில் பிறந்தான். ஆண் குழந்தை என்று சொல்லித்தான் நர்ஸ் அவனைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். அம்மா துணியைப் பிரித்தாள். கைவிரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள், பிறகு கால்விரல்களை. வாயைத் திறந்து பார்த்தாள். புரட்டி முதுகைத் தடவினாள். திரும்பவும் கைவிரலிலிருந்து ஆரம்பித்தாள். குழந்தைக்குக் குளிரும், மூடுங்கள் என்று நர்ஸ் அதட்டியது அவள் காதில் விழவில்லை.

"அதான் ஆம்பளப் புள்ளன்னு சொல்லிட்டாங்களேம்மா. இன்னும் என்னா பாக்குற?" என்று கேட்டு நான் சிரித்தேன். சுவர் இடித்த நாளிலிருந்து அன்றுவரை அவள் ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கினாளா என்று கேட்க எனக்குத் தெரியவில்லை.