ஆயரின் பூசைப் பெட்டி

கிறிசாந்தோ மக்பனுவா சமார் தீவில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். பட்டாளத்துச் சாமியாராகப் போகிறேன் என்றதும், "செபம் பண்ணப் போறியா, சுடப் போறியா?" என்று அப்பா கேலி செய்தார். கிறிசாந்தோ துப்பாக்கியைத் தொடாமலே சிப்பாய்களோடு காடு காடாக அலைந்தார். சாகிறவர்களின் காதில் செபம் சொன்னார். குண்டடிபட்ட ரொடெல் என்ற இளம் அதிகாரியை ஒருமுறை முதுகில் சுமந்தே மலையிறங்கினார். பிறகு ரொடெலுக்குத் திருமணம் நடத்திவைத்ததும், மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் அவர்தான். அவர் படைகளின் ஆயரானபோது ரொடெல் ஜெனரலாகியிருந்தார்.

அந்த மழைக்காலத்தில் மலைக் கிளர்ச்சிக்காரர்கள் மூன்று சிப்பாய்களைப் பிடித்துப் போனார்கள். ஆயர் தனியாக வந்தால் விடுவதாகச் சேதி வந்தது.

"போய்ட்டு வாங்க ஃபாதர். அவங்க இடம் மாறுற வரைக்கும் ஒருத்தனும் மலையேற மாட்டான். என் மக மேல சத்தியம்," என்றார் ரொடெல். ஆயரின் பழைய பூசைப் பெட்டி நசுங்கிக் கிடந்ததால் புதுத் தோல்பெட்டி ஒன்றும் பரிசாகக் கொடுத்தார்.

மலையில் தலைவன் டெல்ஃபின் அவித்த கிழங்கும் கருவாடும் வைத்தான். "பட்டாளத்து வயித்துக்கு இதெல்லாம் ஆகுமா சாமி?"

"நான் பொறந்ததே கருவாட்டு வாசத்துலதான்டா. இன்னொண்ணு போடு."

பூசை முடிந்ததும் டெல்ஃபின் மண்டியிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தான். மூன்று சிப்பாய்களையும் ஒப்படைத்தபோது, "எங்க ஆளுங்க பாதிப் பேருக்குக் காய்ச்சல். ரெண்டு நாள் நகர முடியாது. உங்க வார்த்தையத்தான் நம்பியிருக்கோம்," என்றான்.

மறுநாள் காலை, முகாமில் மூன்று தாய்மார்களும் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்கையில் தலைக்குமேல் விமானங்கள் போயின. மலையில் குண்டு விழும் சத்தம் கேட்டது.

மதியம் ஒரு சார்ஜென்ட் வந்து தயங்கி நின்றார். "ஐயா, அந்தப் பெட்டிய ஜெனரல் வாங்கிட்டு வரச் சொன்னாரு. அடியில இருக்கற கருவியக் கழட்டணுமாம்."

ஆயருக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கெங்கே போனார், எங்கே தங்கினார் என்பதையெல்லாம் அந்தப் பெட்டி காட்டிக்கொடுத்திருக்கிறது. பெட்டியோடு நேரே ரொடெலிடம் போனார்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே, ரொடெல்."

"கேட்டிருந்தா போயிருக்க மாட்டீங்க, ஃபாதர்."

ரொடெலின் குரலில் வருத்தமே இல்லை. அதுதான் ஆயரைச் சுட்டது. பெட்டியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

குண்டுவீச்சில் செத்துப்போன டெல்ஃபினின் தாய் மலையடிவாரத்து ஊரில் இருந்தாள். அவளிடம் தானே போய் எல்லாவற்றையும் சொன்னார். அவள் வாசலை விட்டு நகரவில்லை.

"உங்களுக்குத் தெரியாதுங்கறீங்க. நம்புறேன் சாமி. ஆனா என் மகன் சாகும்போது என்ன நெனச்சிருப்பான்? நீங்கதான் காட்டிக்கொடுத்தீங்கன்னுதானே?"

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆயர் படைத் தலைமையகக் கோயிலில் நடந்ததை நடந்தபடி பிரசங்கத்தில் சொன்னார். முன்வரிசையில் இருந்த அதிகாரிகள் பாதியிலேயே எழுந்து போனார்கள்.

அடுத்த ஆண்டு இன்னும் இரண்டு சிப்பாய்கள் பிடிபட்டார்கள். நான் வருகிறேன் என்று ஆயர் மலைக்குச் சொல்லியனுப்பினார். மலையிலிருந்து பதில் வந்தது: "யார வேணா அனுப்புங்க. அந்த ஆயர் வேணாம்."

அந்த இருவரின் தாய்மார்களிடமும் இதை அவரே போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.