முந்நூற்று எண்பத்தைந்து கண்ணு

மீன் கவிச்சியும் பனிச்சங்காய்ச் சாற்றின் துவர்ப்பும் அடுப்புப் புகையும் கலந்த ஒரு வாடை எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் வருடம் முழுக்க நின்றது. நனைந்த நூல் வலையின் வாடை அது. எழுபத்தோரு வயதாகிவிட்டது, இன்றும் ஈரச் சாக்கில் அதன் சாயல் அடித்தால்கூட என் விரல்கள் தாமாக எண்ணத் தொடங்கிவிடுகின்றன.

மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்கள் குச்சிக்கிழங்குக் காட்டுக்குக் கீழே ஒரு குட்டை உண்டு. ஓடையில் பொடிமீனைக் கூடையால் அள்ளிப் பழகியவர் அப்பா. குட்டையில் கெண்டைக் குஞ்சு விட்ட பிறகுதான் அவருக்குச் சிக்கல் வந்தது. இரண்டே வருடத்தில் அவை மூன்று கிலோ, நான்கு கிலோ என்று பெருத்துவிட்டன. தூண்டிலில் மாட்டும், கரைவரை இழுபட்டு வரும், தண்ணீரைவிட்டுத் தூக்கும் நொடியில் கனம் தாங்காமல் நூல் அறுந்துவிடும். ஏழு மீன் அப்படிப் போனதை எண்ணியிருக்கிறேன். மீனைத் தூக்குவதற்கு முன் அடியில் கொடுத்துத் தாங்க ஏதாவது வேண்டும் என்று, செம்மேட்டுச் சந்தைக்கு வரும் அடிவாரத்து நூல்காரரிடம் விசாரித்து வந்து அப்பா செய்ததுதான் எங்கள் "ஏந்து வலை".

இரண்டு கிளையும் ஒரே பருமனில் பிரிகிற கொய்யாக் கவையாகத் தேடி வெட்டி, பச்சையாக இருக்கும்போதே இரண்டையும் வளைத்து நுனிகளைச் சேர்த்துக் கட்டி, அடுப்புக்கு மேலே பதினெட்டு நாள் தொங்கவிட்டார். வளையமும் காம்பும் ஒரே மரம்; ஆகவே கழன்று விழ வழியில்லை. பையைப் பின்னியது அம்மா. மூன்று விரல் அகலத்துக்குச் சீவிய மூங்கில் பட்டைமேல் நூலைச் சுற்றி முடிச்சிட்டால் ஒரு ஓட்டை விழும். அதற்குப் பெயர் "கண்ணு". வாய்வட்டத்தில் அறுபது கண்ணு, வரிசைக்கு ஐந்து ஐந்தாகக் குறைத்து அடியில் பத்து. பதினோரு வரிசை, மொத்தம் முந்நூற்று எண்பத்தைந்து. பின்னி முடித்ததும் நூல் மக்காமல் இருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறப்போட்டார்.

கெண்டையின் முதுகில் ரம்பப் பல் வைத்த முள் ஒன்று இருக்கிறது. துள்ளும்போது அது நூலை அறுக்கும். ஒரு கண்ணு அறுந்தால் பக்கத்து முடிச்சும் நழுவி, மீன் போகிற வழியாகிவிடும். எனவே குட்டைக்குப் போகுமுன் கண்ணுகளை எண்ணிச் சொல்வது என் வேலை. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அன்று காலை அம்மா கரைக்கு மேலே காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தார். தங்கைக்கு நான்கு வயது, அம்மா அவளைக் கூப்பிடுவதே "கண்ணு" என்றுதான். அவளை என்னிடம் விட்டு, "கண்ண பாத்துக்க சாமி, தண்ணிப் பக்கம் உட்றாத" என்றார். அப்பா தூண்டிலைப் போட்டபடி, "கண்ணெல்லாம் சரியா இருக்குதா?" என்றார். நான் ஒன்பது வரிசை எண்ணியிருந்தேன். கடைசி இரண்டு வரிசை மடிப்புக்குள் கிடந்தது. பிரித்துப் பார்க்கச் சோம்பல். "முந்நூத்தி எம்பத்தஞ்சுங்கப்பா" என்றேன்.

பெரிய கெண்டை ஒன்று மாட்டியது. அப்பா கரையோரம் இழுத்துவந்து, வலையை அடியில் கொடுத்துத் தூக்கினார். மஞ்சள் வயிறு பைக்குள் புரண்டதைப் பார்த்தேன். அடுத்த நொடி பையின் அடி பிளந்து, மீன் நூலையும் அறுத்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டது. என் பொய் வெளியே வந்துவிட்ட பயத்தில் தொண்டை கிழியக் கத்தினேன்: "அப்பா, கண்ணு போச்சு! தண்ணிக்குள்ள போச்சு!"

மேலே காட்டில் அம்மாவின் காதில் விழுந்தது அவ்வளவுதான்.

களைக்கொத்தை எறிந்துவிட்டு அவர் இறங்கி வந்த வேகத்தில் கரைமண் சரிந்தது. நாங்கள் வாய் திறப்பதற்குள் சேலையோடு குட்டைக்குள் பாய்ந்துவிட்டார். எங்கள் வீட்டில் நான்கு பேர். நீச்சல் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தலை மூழ்கியது, எழுந்தது, மறுபடி மூழ்கியது. அப்பா கரையில் குப்புறப் படுத்து, கையிலிருந்த வலையை நீட்டினார். மூன்றாம் முறை அம்மா எழுந்தபோது, அறுந்தது போக மீதியிருந்த கண்ணுகளுக்குள் அவருடைய விரல்கள் மாட்டின. கொய்யாக் காம்பு வில்லாக வளைந்தது. ஒடியவில்லை.

கரையேறி இருமிய அம்மா கேட்ட முதல் கேள்வி, "எங் கண்ணு எங்கீங்க?" தங்கை மிளகுக்கொடி நிழலில் தூங்கி எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

"மீனு போனாப் போகுது, இதான் பெரிய உருப்படி" என்று அப்பா சிரிக்கப் பார்த்தார். அம்மா சிரிக்கவில்லை. "ஏனுங்க, புள்ளைக்கு அந்தப் பேரு இருக்கட்டும். வலைக்கு வேற பேரு வைங்க" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு வலையில் "கட்டம்" மட்டும்தான். இரண்டு வரிசையை எண்ணாமல் விட்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததற்கு ஈடாகத்தானோ என்னவோ, அதன்பிறகு எதைப் பார்த்தாலும் இருமுறை எண்ணினேன். படியை, பஸ்ஸில் இருக்கும் ஆட்களை, தூங்கும் பிள்ளைகளின் மூச்சை.

போன ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். மருமகன் அடிவாரத்துக்காரர், மடக்குகிற அலுமினியக் காம்பும் நைலான் பையுமாகக் கடையில் வாங்கிய ஏந்து வலையோடு, பேரன் பேத்தி இருவரையும் குட்டைக்குக் கூட்டிப்போனார். நான் மேலே காட்டில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய குரல் வந்தது: "மாமா, கண்ணு போயிருச்சுங்க!"

"கட்டம்" என்கிற எங்கள் வீட்டுச் சொல் அவருக்குத் தெரியாது. அவர் சொன்னது வலையின் கண்ணை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன? எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. செருப்போடு முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தேன். "ஏனுங்க மாமா, மீனக் கையிலயே புடிச்சறலாம்னு எறங்கீட்டீங்களா?" என்று மருமகன் சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள்.

அம்மா இல்லை, அப்பா இல்லை. அந்தக் கொய்யாக் காம்பைக் கறையான் தின்று நாளாகிறது. கட்டம் என்று சொல்ல நானும் தங்கையும் இரண்டே பேர்தான் மீதி. கரையில் இருந்த சின்னத் தலைகளை எண்ணினேன். இரண்டு. தண்ணீரைவிட்டு ஏறாமல், மறுபடியும் எண்ணினேன்.