கவிச்சி படாத சட்டி

இரண்டு பக்கத்தாரும் என்னைத் திட்டியிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள், கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்களின் விரதத்துக்குத் துணை போனவள் என்றார்கள். தோட்டத்துக் கோயில்காரர்கள், அம்மன் வாசலில் நின்று அடம் பிடித்தவள் என்றார்கள். இரண்டையும் நான் மறுத்ததில்லை. ஆனால் அந்த நோன்பு மாதத்தில் நடந்ததை அவரவர் தங்களுக்குத் தோதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நடந்தது என் வீட்டு வாசலில். ஆகவே நான் சொல்வதையும் கொஞ்சம் கேட்டுவிட்டுத் திட்டட்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி. மலாயாவில், கோலா கங்சார் போகும் சாலையை ஒட்டிய ஒரு ரப்பர்த் தோட்டத்தில் என் கணவர் மளிகைக் கடை வைத்திருந்தார். கூலிகள் குடியிருக்கும் லயத்து வீடுகள் முடியும் இடத்தில் கடை, கடைக்குப் பின்னால் எங்கள் வீடு. தோட்டத்தில் நாங்கள் ஒரே ஒரு முஸ்லிம் குடும்பம். கடைக்கு வருகிறவர்கள் என் கணவரை ‘பாய்’ என்பார்கள், என்னை ‘பாய்கடை அக்கா’ என்பார்கள். அரிசியும் கருவாடும் வாங்குவார்கள், போய்விடுவார்கள். நாங்கள் எப்படித் தொழுகிறோம், ஏன் பட்டினி கிடக்கிறோம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. தெரியாததைப் பற்றிக் கதை கட்டுவதற்கு மட்டும் ஆள் பஞ்சமில்லை.

என் கணவரின் அண்ணனுக்கு ஈப்போவில் துணிக்கடை. நான் அவரைப் பெரிய மச்சான் என்பேன். நம் மார்க்கத்தைப் பிற சமயத்தார் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதில் அவருக்கு உண்மையான அக்கறை இருந்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நோன்புக்கு முந்தைய மாதம் அவரும் நாலைந்து வியாபாரிகளும் சேர்ந்து ஈப்போவில் ஒரு கூட்டம் போட்டார்கள். நாற்காலி வாடகைக்கு எடுத்து, பன்னீர் தெளித்து, பேசுவதற்கு ஒரு பெரிய மனிதரையும் அழைத்திருந்தார்கள். என் கணவர் தோட்டத்திலிருந்து இரண்டு மாட்டு வண்டி நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். பெண்களுக்குத் திரை கட்டியிருந்தார்கள். பேசியவர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பின்வரிசையில் எங்கள் தோட்டத்து ஆட்கள் சாமியாடுவதுபோல் தூங்கி வழிந்தார்கள். கடைசியில் எல்லாருக்கும் சர்பத் கொடுத்து அனுப்பினார்கள். உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்று ஒருவர்கூட அவர்களைக் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் என் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பால் வெட்டுகிறவள். குளிர்காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, மூன்று வயது மகனோடு முதல் லயத்தில் இருந்தாள். என் காதருகே குனிந்து, "அக்கா, நோம்பு நேரத்துல எச்சியக்கூட முழுங்கக் கூடாதாமே, நெசமா?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். பிறகு எனக்குக் கோபம் வந்தது. கூட்டத்தில் பேச வேண்டியது இதைத்தான். எச்சில் விழுங்கலாம் என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல ஆளில்லாமல், அத்தனை நாற்காலி எதற்கு?

அன்றைக்கே முடிவு செய்தேன். நோன்பு முழுக்க, அந்தி நேரத்தில் என் வாசலில் கஞ்சி. யார் வேண்டுமானாலும் வரலாம், எதை வேண்டுமானாலும் கேட்கலாம்.

ஒரு சிக்கல் இருந்தது. அந்த ஆண்டு நோன்பும் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவும் ஒரே மாதத்தில் வந்தன. மஞ்சள் கிழங்குத் துண்டு கட்டிய நூலைக் கையில் காப்பாகக் கட்டிக்கொண்டவர்கள் திருவிழா முடியும்வரை கறி, மீன் என்று எந்தக் கவிச்சியும் தொட மாட்டார்கள். கவிச்சி சமைத்த சட்டியில் வெந்ததையும் தொட மாட்டார்கள். எங்கள் நோன்புக் கஞ்சியில் ஆட்டெலும்பு கிடக்கும் என்பது ஊருக்கே தெரியும். ஆகவே பாசாரில் ஒரு புதுச் சட்டி வாங்கிவரச் சொன்னேன். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால், அவ்வளவுதான் அதில் போனது. சட்டியை மட்டும் காப்பாற்றினால் போதாது என்று அந்த மாதம் முழுக்க என் அடுப்பிலும் இறைச்சி ஏற்றவில்லை, மீன் ஏற்றவில்லை.

"என்ன புள்ளே, நோம்பு வச்சிருக்கிறது நாமளா, மாரியாத்தாளா?" என்று என் கணவர் கேலி பண்ணினார். ஆனாலும் சாப்பிட்டார். நல்ல மனிதர், வம்பு வராத வரைக்கும் எதற்கும் சம்மதிப்பார்.

முதலில், வண்டியில் எச்சிலைப் பற்றிக் கேட்டவள் மட்டும் வந்தாள். மகன் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் தீச்சட்டி எடுக்கிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்திருந்தாள். பிள்ளை பிழைத்துவிட்டான். கையில் காப்போடு, பகல் முழுக்கப் பட்டினி கிடந்து பால் வெட்டிவிட்டு வருவாள். நானும் பட்டினி. இரண்டு பேரும் வாசல் பலகையில் உட்கார்ந்து பொழுது சாய்வதைப் பார்த்துக்கொண்டிருப்போம். பிறகு அவளைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். கேள்வி என்றால் கேள்வி, அப்படிக் கேட்டார்கள். உங்களுக்கு எத்தனை சாமி? தொழும்போது எதைப் பார்ப்பீர்கள்? செத்தவர்களை ஏன் எரிப்பதில்லை? ஒருத்தி, "உருவமே இல்லாத சாமிகிட்ட எப்படிக்கா அழுவீங்க?" என்றாள். "அழுறவளுக்குத்தான் முகம் வேணும். கேக்குறவனுக்கு எதுக்கு?" என்றேன். அவள் இன்னொரு அகப்பை கஞ்சி வாங்கிக்கொண்டாள்.

நானும் கேட்டேன். ஏன் மஞ்சள், ஏன் வேப்பிலை, சட்டி சுடாதா? சுடும் என்றாள் தீச்சட்டிக்கு நேர்ந்திருந்தவள். "சுடாதுன்னு சொல்றவ எடுத்ததில்ல." எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

கோயிலும் லயமும், ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணியின் கையில் இருந்தன. பெண்கள் என் வாசலில் கூடுவது அவருக்கு ஆகவில்லை. கடைக்கு வந்து என் கணவரிடம், எனக்குக் கேட்கும்படியாக, "இன்னிக்குக் கஞ்சி, நாளைக்குக் கலிமாவா பாய்?" என்றார். நான் உள்ளே இருந்தபடியே, "கலிமா சொன்னாத்தான் கஞ்சின்னு யாருக்கும் சொல்லலியே கங்காணி. ஒங்களுக்கும் ஒரு கோப்பை எடுத்து வைக்கவா?" என்றேன். முறைத்துவிட்டுப் போனார். அவர்களை மதம் மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. என் பக்கத்தில் வாழ்கிறவர்கள் என்னைப் பேயையோ பொம்மையையோ பார்ப்பதுபோல் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். அது ஒரு குற்றமா?

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெரிய மச்சான் ஈப்போவிலிருந்து வந்தார். என் கணவர் சரக்கெடுக்கப் போயிருந்தார். இவர் கையில் வாழையிலையில் சுற்றிய ஆட்டுத்தொடை. லயத்துக்கு நடுவில் தூக்கிக்கொண்டு நடந்து வந்திருக்கிறார், பார்க்காதவர்கள் இல்லை. "நோம்புக் கஞ்சின்னு சொல்லிக்கிட்டு வெறும் பருப்புத்தண்ணி ஊத்துறியாமே! நம்ம கவுரவம் என்னாறது? இந்தா, இதைப் போடு" என்றார்.

"போட மாட்டேன் பெரிய மச்சான். குடிக்கிறவங்க காப்பு கட்டியிருக்காங்க."

"அவங்களுக்காக நாம மாறணுமா? அவங்க விரதத்துக்கு நீ காவலா?"

"நம்மளப் புரிஞ்சிக்கணும்னு நாற்காலி போட்டுக் கூப்பிட்டீங்களே. கூப்பிட்டவங்க அவங்களையும் கொஞ்சம் புரிஞ்சிக்கிட்டா என்ன?"

அவர் முகம் சிவந்துபோயிற்று. இறைச்சியைத் தன் துணிப்பைக்குள் திணித்துக்கொண்டு, கடைக்குப் பின்புற வழியாகப் போய்விட்டார். இறைச்சி என் வீட்டுக்குள் போனதை லயமே பார்த்தது. வெளியே வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. அன்று அந்தியிலும் தீச்சட்டிக்கு நேர்ந்திருந்தவள் வழக்கம்போல் வந்து கஞ்சி குடித்தாள்.

மறுநாள் பிற்பகல் கோயிலிலிருந்து ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார்கள். என் கணவரோடு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு போனேன். கங்காணி நின்றார். அவருக்கு எதிரே அவள் மஞ்சள் சேலையில், மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. கவிச்சி கலந்த கஞ்சியைக் குடித்துவிட்டாள், விரதம் கெட்டது, காப்பை அறுக்க வேண்டும் என்று கங்காணி சொல்லியிருந்தார். காப்பை அறுத்தால் நாளைக்குத் தீச்சட்டி இல்லை. நேர்த்திக்கடன் தீராவிட்டால் அம்மன் கொடுத்த பிள்ளையை அம்மனே எடுத்துக்கொள்வாள் என்பது அவள் நம்பிக்கை. அது என் நம்பிக்கை இல்லை. ஆனால் அவள் காப்புக் கட்டிய கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

"அந்தச் சட்டியில கவிச்சி இல்ல. வந்த கறி வந்தபடியே திரும்பிப் போயிருச்சு" என்றேன்.

"அப்படின்னா கற்பூரத்தை அடிச்சுச் சத்தியம் பண்ணு. முடிஞ்சுபோச்சு" என்றார் கங்காணி. அங்கே வழக்கம் அதுதான். அம்மனுக்கு முன்னால் எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்னால், அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள்.

"என்னால முடியாது. எங்க மார்க்கத்துல அல்லாவைத் தவிர வேற யார் மேலயும் ஆணையிடக் கூடாது. அல்லா மேல ஆணையா சொல்றேன், அதுல கவிச்சி இல்ல. நோம்பு வாயால சொல்றேன்."

"கண்ணுக்குத் தெரியாத சாமி மேல ஆணையாம்! அது எங்களுக்கு எதுக்கு?"

என் கணவர் என் அருகில் வந்து, "மனசுக்குள்ள அல்லாவை நெனச்சிக்கிட்டு அடிச்சிரு புள்ளே. அந்தப் பொண்ணு நெலமையப் பாரு. வம்பு வேணாம், சுசா பண்ணாத லா" என்று முணுமுணுத்தார். அவளுக்காக அடித்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை நாள் அந்தப் பலகையில் உட்கார்ந்து, எங்கள் மார்க்கம் இது, நாங்கள் இப்படி என்று அவர்களுக்குச் சொன்னவள் நான். இடைஞ்சல் வந்ததும் கற்பூரத்தில் கையை வைத்தால், சொன்னதெல்லாம் வெறும் பேச்சு என்றாகிவிடாதா? என்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பொய்யாகிவிடாதா?

"மாட்டேன் கங்காணி. என்னைய வெட்டிப் போட்டாலும் மாட்டேன்" என்றேன். கோயில் வாசல் முழுக்கக் கேட்டது.

கங்காணி காப்பை அறுக்க அரிவாள்மனையைக் கொண்டுவரச் சொன்னார். அப்போது அவள் மகனை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள்.

"கற்பூரத்தை ஏத்துங்க. நான் அடிக்கிறேன்."

"நீயா? சட்டியில என்ன வெந்துச்சுன்னு நீ பாத்தியா?"

"பாக்கல."

"பொறவு எதை வச்சு அடிப்பே?"

"அக்காவைத் தெரியும். அவங்க சாமி மேல ஆணையிட்டா அதுல பொய் இருக்காது, அது எனக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியலேன்னா நீங்க ஒரு நாளாச்சும் வந்து கேட்டிருக்கணும்."

கங்காணியிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பூசாரி அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு தானாகவே கற்பூரத்தை ஏற்றினார். அவள் மகனின் தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டாள். "அக்கா சொன்னது பொய்யா இருந்தா எம்புள்ளைய எடுத்துக்க ஆத்தா" என்று சொல்லி, மற்றக் கையால் தீயை அடித்தாள்.

மறுநாள் அவள் தீச்சட்டி எடுத்தாள். என் கடை வழியாகத்தான் ஊர்வலம் போனது. மற்ற வாசல்களில் அவள் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். நான் ஊற்றவில்லை. அவளும் நின்று எதிர்பார்க்கவில்லை. கதவோரம் நின்று பார்த்தேன். உருவத்துக்கு முன்னால் என் வார்த்தைக்குச் சத்தியம் செய்யவைத்துவிட்டேன், அது எவ்வளவு பெரிய பாவம் தெரியுமா என்று பெரிய மச்சான் ஆள் விட்டுக் கேட்டார். அந்தக் கணக்கை மறுமையில் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியனுப்பினேன்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில் பிள்ளைக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தது. லயம் முழுக்க என் வாசலைத் திரும்பிப் பார்த்தது. "நான் அப்பவே சொன்னேன்" என்று கங்காணி, காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்று சொன்னாராம். கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். சட்டியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். என் கையால் சமைத்தது. அப்படியிருந்தும், அவள் வந்து கேட்டுவிடுவாளோ என்று பயந்து, அவளைப் பார்க்கக்கூடப் போகாமல் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தேன்.

விடிந்தும் விடியாமலும் கதவைத் தட்டினாள். பெரட்டுக்குப் போகும் கூட்டம் கங்காணியோடு சாலையில் போய்க்கொண்டிருந்தது. எல்லார் கண்ணும் எங்கள் மேல். அவள் போர்வையில் சுற்றிய பிள்ளையை என் கையில் கொடுத்தாள். நெருப்பாய்க் கொதித்தான்.

"ஆயாக் கொட்டகையில காய்ச்சல் புள்ளைய வச்சுக்க மாட்டாங்களாம். வேலைக்குப் போகலேன்னா பேரை அடிச்சிருவாங்க. நீங்க பாத்துக்கங்க அக்கா" என்றாள். பால்வாளியை எடுத்துக்கொண்டு, கங்காணிக்கு முன்னாலேயே நடந்து போய்ச் சேர்ந்துகொண்டாள்.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். பிழைக்காமல் போயிருந்தாலும் அந்தச் சட்டியில் கவிச்சி இல்லை.