மட்கார்டுக்கு அளவெடுத்தவள்

பஸ் டிப்போவில் வெல்டராக இருந்தவர், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிக் கொட்டகையில் நிறுத்தினார். முன்சக்கரத்து மட்கார்டு ஒன்று துருவேறி, தொட்டாலே உதிர்ந்தது. அதை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் தகட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தார். வளைவு பிடிபடவே இல்லை.

"முதல்ல அளவெடுங்க," என்றாள் தையல்காரியான மனைவி.

"இதென்ன ரவிக்கையா?"

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுபக்கத்து நல்ல மட்கார்டின்மேல் காகிதத்தை விரித்து, ரவிக்கைக்குச் செய்வதுபோலவே மடிப்பு வைத்து வெட்டினாள். அதைத் திருப்பிப்போட்டு அவர் தகட்டை வெட்டினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

பற்றவைத்து முடித்த மாலை, இருவரும் காருக்குள் ஏறி உட்கார்ந்தார்கள். எஞ்சின் இன்னும் பொருத்தவில்லை. கூரைமேல் மழை பெய்தது.

"எங்கங்க போறோம்?" என்று கேட்டவள், பதில் வருவதற்குள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவர் அவளை எழுப்பாமல், ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பியபடி, ஏதோவொரு கடலோரச் சாலையில் வெகுதூரம் போய்க்கொண்டிருந்தார்.