கேமராவுக்குக் காட்டிய கால்

“வீடியோவே போதும் மிஸ்ஸி” என்று முந்திக்கொண்டு சொன்னவன் நான்தான். அக்கா வாயைத் திறக்கவே இல்லை. அவளுக்கு இருபது வருஷமாக இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. இடது கால் பெருவிரலுக்குக் கீழே ஒரு புண், ஐம்பது காசு அகலம் இருக்கும். ஈப்போ ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட நர்ஸ் மிஸ்ஸி, அடுத்த முறை நேரில் வருகிறீர்களா, இல்லை வீட்டிலிருந்தே கைப்பேசியில் டாக்டருக்குப் புண்ணைக் காட்டுகிறீர்களா என்று அக்காவிடம்தான் கேட்டார். பதில் சொன்னது நான்.

அக்கா இருப்பது கோலா கங்சாருக்கு உள்ளே தள்ளி, ரப்பர் மரங்கள் நின்ற பழைய கித்தாத் தோட்டத்தில். கித்தா போய்ச் செம்பனை வந்தாயிற்று, பஸ்தான் வருவதில்லை. எனக்கு ஈப்போவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. ஒவ்வொரு தடவையும் லீவு கேட்டு, பேச்சு வாங்கி, அவளைக் கூட்டிவந்து, திரும்பக் கொண்டுபோய் விட்டு... எனக்குச் சலிப்பாக இருந்தது. எழுதக் கை கூசுகிறது, ஆனால் சலிப்புதான்.

முதல் வீடியோ நாளன்று அக்கா காலையிலேயே தலைக்குக் குளித்துப் புதுச் சேலை கட்டி உட்கார்ந்தாளாம். ஆஸ்பத்திரி அனுப்பிய இணைப்பைத் தொட்டதும், இந்தப் பிரவுசர் பழையது, இதில் வீடியோ வராது என்று மலாய் மொழியில் ஓர் அறிவிப்பு. எனக்குப் போன் செய்தாள்.

“தம்பி, பிரவுசர் பழசாம்லா. என்னா பண்ண?”

“என்னா பண்ணவா? அப்டேட் பண்ணச் சொல்லி வந்திருக்குமே, அப்பவே அமுக்க வேண்டியதுதானே!”

“நீதானே எதையும் அமுக்காதன்ன?”

சொன்னேன்தான். பக்கத்து வீட்டுக்காரி ஏதோ ஒரு இணைப்பை அமுக்கி, வங்கியில் இருந்ததையெல்லாம் பறிகொடுத்த வாரம் அது. அக்காவை உட்கார வைத்து, பெரிய மேதாவி மாதிரி பாடம் எடுத்தேன். திரையில் என்ன கேட்டாலும் வேண்டாம் என்பதை அமுக்கு. தெரியாத நம்பர் வந்தால் எடுக்காதே. போலீஸ் என்பான், கோர்ட் என்பான், ஆஸ்பத்திரி என்பான், ஒருத்தனையும் நம்பாதே. அம்மா போன பிறகு கித்தா பால் வெட்டி என்னைப் படிக்க வைத்தவள் அவள். நாலு எழுத்துப் படித்த தம்பி சொன்னால் அவளுக்கு அது வேதவாக்கு.

இரண்டு வாரம் தள்ளி வேறு தேதி கிடைத்தது. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அவள் கைப்பேசியில் புதுப் பிரவுசர் ஏறவே இல்லை. என் பழைய கைப்பேசியில் அவளுடைய சிம்மைப் போட்டு, பிரவுசரைப் புதுப்பித்து, இணைப்பைத் திறந்தேன். உங்கள் பிரவுசர் பொருத்தமானது என்று பச்சை எழுத்தில் வந்தது. சபாஷ், வேலை முடிந்தது என்று கோழிக்கறிச் சோறு தின்றுவிட்டுக் கிளம்பினேன். கேமராவை ஒரு தடவை திறந்து பார்க்கலாம் என்று இந்த மண்டைக்குத் தோன்றவில்லை.

அந்த நாள் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் நானே கூப்பிட்டேன்.

“ஆச்சு தம்பி! டாக்டர் மொகம் பளிச்சுன்னு தெரிஞ்சிச்சு. சின்னப் புள்ளலா, மீசகூட சரியா மொளைக்கல.”

“புண்ணக் காட்டுனியா?”

“கட்டப் பிரிச்சி, நாக்காலி மேல காலத் தூக்கி வச்சி, போனுக்குக் கிட்டக்கக் காட்டுனேன். சத்தந்தான் வரல. ஆனா தலைய ஆட்டுனாரு.”

“அப்ப சரி.”

“இதக் கேளு. மொதல்ல திரையில பெனார்க்கானா, செக்காட்டான்னு கேட்டுச்சு. நான் விடுவேனா? செக்காட்ட அமுக்கிட்டேன். அப்பறம் மூணு தடவ தெரியாத நம்பரு. எடுக்கவே இல்லியே!”

பெனார்க்கான் என்றால் அனுமதி, செக்காட் என்றால் தடு. எனக்குத் தெரியாத மலாயா? என் வாயில் சோறு, மணி அடிக்கப் போகிறது, அவள் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது.

“கெட்டிக்காரிக்கா நீ” என்றேன். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

டாக்டர் பார்த்துவிட்டார், ஏதாவது என்றால் சொல்லியிருப்பார் என்று இரண்டு பேரும் இருந்துவிட்டோம். வலிக்குதா என்று போனில் கேட்பேன், இல்லை என்பாள். இனிப்பு நீர் முற்றினால் காலில் வலியே தெரியாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லையா? சொன்னார்கள். வசதியாக மறந்துவிட்டேன். மூன்றாவது வாரம் போய்க் கதவைத் திறந்ததுமே வாடை அடித்தது. விரல்கள் கறுத்திருந்தன. காரில் போட்டுக்கொண்டு ஈப்போவுக்குப் பறந்தேன்.

அதே டாக்டர்தான் இருந்தார். அன்று அவருடைய திரையில் வெறும் கறுப்புக் கட்டம்தான் இருந்ததாம். அக்கா செக்காட்டை அமுக்கியதில் கேமரா, மைக், டாக்டரின் குரல் எல்லாமே அடைத்துக் கிடந்தன. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு வெளியேறி, உடனே நேரில் வாருங்கள் என்று சொல்ல மூன்று தடவை போன் செய்திருக்கிறார். அட கடவுளே! ஒன்றுமே தெரியாத திரைக்கு என் அக்கா கட்டைப் பிரித்துக் காலைக் காட்டியிருக்கிறாள். ஏன் போனை எடுக்கவில்லை என்று டாக்டர் அவளைத்தான் கேட்டார். பயமாக இருந்தது என்று அக்கா மலாய் மொழியில் சொன்னாள். என் பெயரை இழுக்கவே இல்லை.

முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார்கள். மறுநாள் காலை வார்டில் மிஸ்ஸி படிவத்தை நீட்டி, கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். அக்கா பேனாவை வாங்கினாள். போடாமல் என்னைப் பார்த்தாள்.

“போடவா தம்பி?”

இதற்கும் என்னையா கேட்பாள்?

“போடுக்கா.”

உடனே போட்டாள். எழுத்துக்கூட்டி, நிதானமாக, முழுப் பெயரையும்.

“இனிமே என்னைய எதுவும் கேக்காதக்கா” என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அவள் பேனாவை மிஸ்ஸியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“பின்ன யாரத் தம்பி கேப்பேன்?” என்றாள்.