ஒரு கஜ தூரத்துக் காது

நார்பர்ட் ரெட்மான் எதையும் ஒரு தடவை கேட்டு நம்பியவர் அல்ல. பால் டப்பாவில் அச்சிட்ட தேதியைப் படித்துவிட்டு முகர்ந்தும் பார்ப்பார். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மானிடோவாக் ஊரில் முப்பத்தொரு வருடம் தபால் கொடுத்தவர். குரைக்கும் நாயை விட்டுவிடலாம், வாலாட்டும் நாயின் மீதுதான் ஒரு கண் இருக்க வேண்டும் என்பது அவர் அனுபவம். அதனால் ஜூலை மாதத்து அந்தச் சனிக்கிழமை, மகள் ஹைடி பழக்கிய ஒன்பது டிரம்காரர்கள் நாற்பது விநாடி ஒரு பிசிறும் இல்லாமல் அடித்து நிறுத்தியதும், அரங்கத்தில் எல்லோரும் எழுந்து கைதட்ட, அவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார்.

பக்கத்தில் இருந்த டெல்மர் குனிந்து காதருகே கேட்டார். "எத்தனை?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாம எப்படிடா இருக்கும்? ஒம்பது பேரு, பதினெட்டு கை. ஒருத்தன் கூடவா தும்மல?"

நார்பர்ட் மைதானத்தின் முன்கோட்டில் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்ற ஒலிபெருக்கிப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இருவரும் ஒரு காலத்தில் அணிவகுப்பு வாத்தியப் போட்டிகளின் நடுவர்கள். டெல்மருக்கு பியூகிள் என்ற ஊதுகொம்பு, நார்பர்ட்டுக்கு டிரம். அப்போதெல்லாம் கணக்கு வேறு. ஒவ்வோர் அணியும் மைதானத்துக்குள் நுழையும்போதே நூறு மதிப்பெண் அதன் கையில் இருக்கும். நடுவர் அட்டையும் பென்சிலுமாக உள்ளே நடப்பார். குச்சி ஒன்று முந்தினால் ஒரு கோடு, பிந்தினால் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு டிக் என்று பெயர். டிக் ஒன்றுக்கு ஒரு மதிப்பெண்ணில் பத்தில் ஒரு பங்கு போகும். கடைசியில் மிஞ்சியதுதான் அணியின் மதிப்பெண். டிரம் வரிசைக்கு முன்னால் ஒரு கஜ தூரத்தில், பின்பக்கமாகவே நடந்து, குனிந்து காதைக் கொடுக்க வேண்டும். பதின்மூன்று கோடைகாலம் நார்பர்ட் அப்படித்தான் நடந்தார். வாரநாளில் தபால் பை, சனி ஞாயிறில் பென்சில்.

அதற்கு முன்னால் அவரே டிரம் அடித்தவர். புனித போனிபாஸ் பங்குக் கோயில் அணி. தோல்வார் தோளை அறுக்கும், டிரம் தொடையில் மோதும், கோடை முடியும்போது இடது தொடையில் நீலமாக ஒரு வட்டம் இருக்கும். எல்லோரும் நாலு தெருவுக்குள் இருந்த பிள்ளைகள். பயிற்சி கொடுத்தவர் போருக்குப் போய் வந்த ஒரு கசாப்புக் கடைக்காரர்.

அந்த அணிக்கே அவர் நடுவராக நிற்க நேர்ந்தது 1974இல். மாநிலப் போட்டி. சொந்தப் பங்குக் கோயிலுக்குச் சலுகை காட்டிவிட்டான் என்று எவனும் சொல்லிவிடக் கூடாது என்பதிலேயே அவர் கவனம் இருந்தது. ஏழு டிக் போட்டார். ஒரு மதிப்பெண்ணில் பத்தில் இரண்டு பங்கு வித்தியாசத்தில் புனித போனிபாஸ் தோற்றது. அரங்கம் முழுக்கக் கூச்சல். காரை எடுக்கப் போனவரை ஒரு பெண்மணி மறித்தாள். "காதுல என்ன வச்சிருக்கே, நார்பர்ட்? என் பையன் எங்க தப்பா அடிச்சான்? நாங்க இவ்வளவு பேரு கேட்டோமே, எங்க யாருக்கும் கேக்கலையே?"

தாய்ப்பாசம் காதை அடைத்துவிட்டது என்று அவர் நினைத்தார். அந்த வருடம் கோயிலில் பூசை நடுவே சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில் அவருக்கு முன்னால் நீண்ட கைகள் குறைந்தன. அடுத்த வருடம் அவர் ஊரின் மறுகோடியில் இருந்த கோயிலுக்கு மாறிக்கொண்டார்.

1984இல் டிக் முறையை எடுத்துவிட்டார்கள். இனி குறையை எண்ண வேண்டாம், நிறைவைப் பார்த்து மதிப்பெண் கொடுங்கள் என்றார்கள். நிறைவை எப்படி எண்ணுவது என்று நார்பர்ட் கேட்டார். யாரும் சொல்லவில்லை. பென்சிலை மேஜையில் வைத்துவிட்டு வந்தவர் அதன் பிறகு ஒரு போட்டிக்கும் போகவில்லை. ஹைடி கலிபோர்னியாவில் ஓர் அணிக்கு இருபது வருடம் பயிற்சி கொடுத்தாள். தொலைபேசியில், "இந்த வருஷம் எப்படிம்மா?" என்று அவர் கேட்பதோடு சரி. இந்த வருடம்தான் அவள் விஸ்கான்சின் அணி ஒன்றுக்குத் தலைமைப் பயிற்சியாளராக ஊர் திரும்பி, அப்பாவுக்கும் அவர் நண்பருக்கும் உச்சி வரிசையில் இடம் பிடித்துக் கொடுத்திருந்தாள்.

திரும்பும் வழியில் டெல்மர் காரிலேயே சொல்லிவிட்டார். "பதிவு பண்ணி வச்சதைப் போட்டு அடிக்கிறானுங்க. பசங்க சும்மா குச்சியை ஆட்டுறானுங்க. போட்டி நடத்துற சங்கத்துக்கு நான் எழுதப் போறேன். டிரம் விஷயம், உன் கையெழுத்துதான் வேணும். சொந்த அப்பனே சொல்றான்னா எவன் மறுப்பான்?"

"அவ வேலை போயிடும்டா."

"நான் சொல்றது பொய்யா இருந்தா போகாது. உனக்குப் பொய்யின்னு தோணுதா?"

தோணவில்லை. அதுதான் சிக்கல். தட்டச்சு செய்த கடிதம் மறுநாள் காலையிலேயே அவர் சட்டைப் பையில் இருந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி. அதோடு அவர் அணி தங்கியிருந்த பள்ளிக்கூடத்து மைதானத்துக்குப் போனார்.

பத்து மணி வெயிலில் நூற்றைம்பது பேர் நின்றிருந்தார்கள். பாதிப் பேர் டெக்சாஸ், புளோரிடா. இரண்டு பேர் ஜப்பானிலிருந்து. டிரம்மின் மேல்தோல் மேஜைப்பலகை போல இறுகியிருந்தது. தோல்வார் இல்லை. மார்பில் கவசம் மாதிரி ஒன்று டிரம்மைத் தாங்கியது, எவன் தொடையிலும் வட்டம் விழாது. மைதானத்து ஓரத்தில் ஒரு மின்சாரக் கீபோர்டு, மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் நீளமான மரிம்பாக்கள், அவற்றிலிருந்து பாம்புகள் மாதிரி கறுப்புக் கம்பிகள்.

நார்பர்ட் மண்டியிட்டார். ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு அது போகும் திசையிலேயே தவழ்ந்தார். பெட்டி, இன்னொரு பெட்டி, கடைசியில் லாரி நிழலில் ஒரு ஜெனரேட்டர். அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது.

"ஜுரம் அடிக்குதா அதுக்கு?"

தொப்பியும் வெயிலில் சிவந்த மூக்குமாக ஹைடி பின்னால் நின்றாள்.

"சும்மா பாத்தேன்."

"நீங்க சும்மா எதையும் பாக்க மாட்டீங்க. பையில என்ன பேப்பர்?"

"மளிகை லிஸ்ட்."

"டைப் பண்ணின மளிகை லிஸ்டா?" அவள் கையை நீட்டவில்லை. "மத்தியானம் வரைக்கும் கரண்ட் கிடையாது. வெறும் டிரம்தான். கேக்கணும்னா வாங்க."

வரிசைக்கு முன்னால் ஒரு கஜ தூரத்தில் அவர் போய் நின்றார். கால்கள் தாமாகவே இடம் கண்டுகொண்டன. முதல் டிரம்காரன் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி, பக்கத்தில் இருந்தவளிடம், "யாரு இது?" என்று முணுமுணுத்தான். "ஹைடியோட அப்பா. பழைய காலத்து நடுவராம். மூச்சு விடாதே, அதுக்கும் கழிப்பாரு."

அந்த நாற்பது விநாடியை அடித்தார்கள். நார்பர்ட் விரலை மடக்கிக்கொண்டே வந்தார். நாலு விரல் மடங்கியது. இடமிருந்து மூன்றாவது ஆள், இடது கை, ஒவ்வொரு முறையும் மயிரிழை பின்னால்.

"இன்னொரு தடவை," என்றார். மறுபடியும் நாலு.

கிட்டத்தில் நாலு டிக், நேற்று அரங்கத்தில் ஒன்றும் இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக இந்தப் பையனுக்குக் கை கெட்டுப் போயிருக்குமா? ஆக, நேற்று கேட்டது இவர்கள் கை அல்ல.

"நாலு," என்று ஹைடியிடம் சொன்னார்.

"நாலுதான். மூணாவது ஆளு, இடது கை. செவ்வாய்க்கிழமையிலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்."

"நேத்து இல்லையே?"

"நேத்து அஞ்சு."

"நான் கேட்டேன், ஹைடி. ஒண்ணுமே இல்ல."

அவள் அவரைப் பார்த்தாள். பையிலிருந்த தாளையும் பார்த்தாள். விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது. "மேல போங்கப்பா. இங்க இருக்கிற படி வரிசையில, நேத்து உக்காந்த மாதிரி உச்சி. அங்கேர்ந்து கேளுங்க."

"என்னை மேல அனுப்பிட்டு நீ இங்க என்ன செய்வே?"

வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். அவள் லாரிக்குப் போய் ஜெனரேட்டர் சாவியை உருவிக்கொண்டு வந்து அவர் கையில் வைத்தாள். "எடுத்துட்டுப் போங்க. திருப்பித் தர மறந்துடாதீங்க."

சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நார்பர்ட் படியேறினார். நாற்பத்திரண்டு படி, அறுவை செய்து மாற்றிய முழங்கால். உச்சியில் உட்கார்ந்து கையைக் காட்டினார். கீழே அடித்தார்கள்.

ஒன்றுமில்லை. ஒரே கை அடித்த மாதிரி.

மறுபடி கையைக் காட்டினார். மூன்றாவது ஆளின் இடது கையையே பார்த்துக்கொண்டு கேட்டார். கண்ணுக்கு அது பிந்துவது தெரிந்தது. காதுக்குத் தெரியவில்லை. அவ்வளவு காற்றைக் கடந்து வருவதற்குள் அந்த மயிரிழை எங்கோ கரைந்து போயிருந்தது. பத்து வரிசை இறங்கிக் கேட்டார், இல்லை. இன்னும் பத்து இறங்கியபோது ஓரம் லேசாகத் தேய்ந்த மாதிரி ஒரு சந்தேகம். வேலிக்கு வந்தபோதுதான் நாலும் நாலாகக் கேட்டன.

அவர் வேலிக் கம்பியைப் பிடித்தபடியே நின்றார். சின்ன வயதில் தெரு ஓரத்தில் நின்று ஊர்வலம் பார்த்தார். பிறகு அடித்தார். பிறகு ஒரு கஜத்தில் நடந்தார். நேற்றைக்கு முன் ஒரு தடவைகூட அரங்கத்தில் ஏறி உட்கார்ந்து கேட்டதில்லை. எழுபத்திரண்டு வயதில்தான் அவர் காது முதல்முறையாக எல்லோரும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அவர் போட்ட ஏழு டிக்கும் உண்மை. அந்தப் பெண்மணிக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை என்பதும் உண்மை. நாற்பத்து நாலு வருடம் அவளைப் பாசத்தில் காது அடைத்தவள் பட்டியலில் வைத்திருந்தார்.

சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது கூடவே கடிதத்தையும் எடுத்து ஹைடியிடம் நீட்டினார். அவள் நின்றபடியே படித்தாள்.

"கையெழுத்து இல்லையே."

"இல்ல."

"போடறதாதான் வந்தீங்க?"

"பத்தரை மணி வரைக்கும்."

அவள் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீ இல்லைன்னுதான் சொல்லியிருப்பே. அதை வச்சு நான் என்ன பண்றது?"

இதற்கு ஹைடி சிரிக்கவில்லை. கீபோர்டு இருந்த பக்கம் கையைக் காட்டினாள். "தேடறதுதான் தேடினீங்க, சரியான இடத்துல தேடியிருக்கலாம். கடைசிப் பாட்டுல நெஞ்சுக்கூடு அதிர்ந்ததே, அது டியூபா ஊதினது மட்டும் இல்ல. அந்தக் கடைசிக் கட்டை. ஒரு விரல்தான். கரண்ட் வந்ததும் அமுக்கிப் பாருங்க."

நார்பர்ட்டுக்கு நினைவிருந்தது. நேற்று அந்த இடத்தில்தான் டெல்மர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அது ஏமாத்து இல்லையா?"

"விதியில இருக்குப்பா. எல்லா அணியும் பண்றாங்க."

"எனக்குப் பிடிக்கல."

"உங்களுக்குப் பிடிக்கணும்னு நான் சொல்லல. அதை வேணா தாராளமா எழுதுங்க. அது நிஜம்."

பிறகு வரிசையை நோக்கித் திரும்பினாள். மூன்றாவது ஆளை மட்டும் முன்னால் வரச் சொன்னாள். நார்பர்ட் வழியில் நிற்பதாகவும் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும் என்றும் ஒரு பயிற்சியாளர் வந்து சொன்னார். தள்ளி நின்றார்.

வெள்ளிக்கிழமை மீன் விருந்துக்கு டெல்மரை வழக்கமான இடத்தில் சந்தித்தார். பொரித்த மீன், முட்டைக்கோஸ், கம்பு ரொட்டி. டெல்மர் பேனாவோடு வந்திருந்தார். நார்பர்ட் கடிதத்தை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, கிட்டத்தில் நின்று எண்ணிய நாலையும், மேலே ஏறியதும் காணாமல் போனதையும் விளக்கிச் சொன்னார். சாவியைப் பற்றியும் சொன்னார்.

டெல்மர் மென்றுகொண்டே கேட்டார். கடைசியில் நாப்கினால் வாயைத் துடைத்தார்.

"மேல ஏறினா கேக்காதாம்."

"ஆமா. நீயும் வந்து ஏறிப் பாரு."

"எனக்கு பியூகிள் காது. எனக்கெங்க தெரியும்? நீ சொன்னாதான் உண்டு." டெல்மர் அவர் முகத்தையே பார்த்தார். அப்படிப் பார்க்கும் பார்வை நார்பர்ட்டுக்கு நன்றாகத் தெரியும். அது தபால் பையோடு அவரே வீடு வீடாகக் கொண்டுபோன பார்வை. "நல்லா யோசிச்சுதான் வந்திருக்கே. சாவி எல்லாம் கதையில நல்லாதான் இருக்கு."

"கதையில்ல டெல்மர்."

"பொண்ணு வேலை. நான் ஒண்ணும் தப்பு சொல்லலப்பா. என் பொண்ணா இருந்தா நானும் இப்படித்தான் ஏதாவது சொல்லுவேன்."

சாட்சிக்கு நார்பர்ட் யாரைக் கூப்பிடுவது? அவரையும் ஹைடியையும் விட்டால் அன்று மைதானத்தில் இருந்தவர்கள் அவளிடம் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளும் கூட வேலை செய்பவர்களும்தான்.

"அப்ப என் பேரு இல்லாமயே அனுப்பு," என்றார். "யாராவது என்கிட்ட கேட்டா, டிரம்ல ஏமாத்து இல்லைன்னு சொல்லுவேன். எதுக்குச் சொல்றேன்னு அவங்க என்ன வேணா நினைச்சுக்கட்டும்."

டெல்மர் பேனா மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார். மடித்த தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அனுப்புவதாகவும் சொல்லவில்லை, கிழிப்பதாகவும் சொல்லவில்லை. நார்பர்ட்டும் கேட்கவில்லை. மீனில் முள் இருக்கிறதா என்று மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.